பழைய காரோடு இணையாத ஓபிடி ஸ்கேனர்: கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டறிதல்

காரின் டாஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரியும்போது, அதற்கான காரணத்தை வண்டியின் கணினியிடமிருந்தே படித்தறிய உதவும் சிறு கருவி ஓபிடி ஸ்கேனர் எனப்படுகிறது. என்ஜினின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் கணினிக்கு ஈசியூ என்று பெயர். வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்காணித்து, குறியீட்டு எண்களாகப் பதிந்துவைக்கும் ஏற்பாடே ஓபிடி. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான கம்பியில்லா ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் அல்லது வைஃபை வழியாகக் கைபேசியோடு சேர்த்து, உரிய செயலியைத் திறந்தால் குறியீடுகள் திரையில் வந்துவிட வேண்டும். புதிய கார்களில் பெரும்பாலும் அப்படியே நடக்கிறது; ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கார்களில் ‘இணைக்க முடியவில்லை’ என்ற செய்தியோடு பலரின் முயற்சி நின்றுபோகிறது.

ஸ்கேனர் பயன்தர மூன்று இணைப்புகள் அடுத்தடுத்து அமைய வேண்டும். காரின் பேட்டரியிலிருந்து ஸ்கேனருக்கு மின்சாரம் வர வேண்டும். ஸ்கேனரும் கைபேசியும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். ஸ்கேனரும் ஈசியூவும் சாக்கெட்டின் கம்பிகள் வழியே ஒரே மொழியில் பேச வேண்டும். பழைய கார்களில் தடை பெரும்பாலும் மூன்றாவது இணைப்பில்தான் ஏற்படுகிறது. ஆனால் செய்தி கைபேசித் திரையில் தோன்றுவதால், பழி இரண்டாவது இணைப்பான ப்ளூடூத்தின்மேல் விழுகிறது. இணைப்பை அழித்து மீண்டும் சேர்ப்பது, செயலியை மாற்றுவது, இன்னொரு ஸ்கேனர் வாங்குவது என்று காலமும் பணமும் வீணாவது இதனால்தான். எந்த இணைப்பு அறுந்திருக்கிறது என்று தெரியும்வரை எதையும் மாற்றாமல், மூன்றையும் வரிசை தவறாமல் சோதிப்பதே சரியான முறை.

தொடங்குமுன்: பாதுகாப்பு

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலிலோ, தானியங்கி கியர் வண்டியானால் பார்க் நிலையிலோ வைத்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். என்ஜினை ஓடவிட நேரும் எந்தச் சோதனையையும் மூடிய ஷெட்டுக்குள் செய்யலாகாது. புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால் மயக்கம் வரும்வரை ஆபத்து தெரியாது. சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டின் ஒரு பின்னில் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், ஸ்க்ரூடிரைவர், ஊசி, கம்பித்துண்டு எதையும் உள்ளே நுழைக்கக் கூடாது. சாக்கெட் பெடல்களுக்கு நேர்மேலே அமைந்த கார்களில், நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்கேனர் ஓட்டுநரின் முழங்காலிலோ கிளட்ச் மிதிக்கும் காலிலோ இடிபடும். அத்தகைய வண்டியை ஸ்கேனர் செருகிய நிலையில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

இந்தக் கார் ஓபிடி-2 பேசுமா?

சந்தையில் கிடைக்கும் பொதுவான ஸ்கேனர்கள் ஓபிடி-2 என்ற பொது முறையை மட்டுமே அறிந்தவை. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து அம்முறை கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு அதற்குச் சில ஆண்டுகள் பின்னரும் அதற்கு இணையான விதி வந்தது. இந்தியாவில் பிஎஸ்-4 மாசு விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் முதலில் நடப்புக்கு வந்து, 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் விரிந்தது. பிஎஸ்-4 கார்களில் ஓபிடி-2 இருக்க வேண்டும் என்பது 2013 ஏப்ரல் முதல் நடைமுறை. ஆகவே காரின் ஆண்டை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது. 2014இல் ஒரு சிறு நகரில் பிஎஸ்-3 வண்டியாகப் பதிவான காருக்கு அந்தக் கட்டாயம் இருந்திராது. ஏற்றுமதிக்கும் சேர்த்து வடிவமைக்கப்பட்ட ஒரு மாடல் அதற்கு முன்பே ஓபிடி-2 பேசக்கூடும். ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றிதழில் மாசு விதி குறிக்கப்பட்டிருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும்.

16 பின் சாக்கெட் இருப்பது மட்டும் ஓபிடி-2க்குச் சான்றாகாது என்பதைத் தனியே வலியுறுத்த வேண்டியிருக்கிறது. கட்டாயம் வருவதற்கு முன்பே பல நிறுவனங்கள் அதே வடிவச் சாக்கெட்டை வைத்து, அதற்குள் தங்கள் சொந்த மொழியை ஓடவிட்டன. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்யப்பட்டு இலங்கைக்கு வந்த பழைய கார்களிலும் இதே சிக்கல் உண்டு. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட வண்டிகள் பலவற்றில் சாக்கெட் ஒன்றாக இருந்தாலும், உரையாடலைத் தொடங்கும் முறை வேறுபடுகிறது.

சாக்கெட்டைக் கண்ணால் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டார்ச் வெளிச்சத்தில், சாக்கெட்டின் அகன்ற பக்கம் மேலே இருக்குமாறு நேராகப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரையும், கீழ் வரிசையில் 9 முதல் 16 வரையும் பின் இடங்கள் அமைந்திருக்கும். எல்லா இடங்களிலும் உலோகம் இருக்காது. எங்கே இருக்கிறது என்பதே காரின் மொழியைக் காட்டுகிறது.

4, 5 ஆம் பின்கள் எர்த். 16 ஆம் பின் பேட்டரி பாசிட்டிவ். இவை மூன்றும் எல்லா ஓபிடி-2 கார்களிலும் இருக்க வேண்டியவை. 6, 14 ஆம் பின்களில் உலோகம் இருந்தால், இரண்டு கம்பிகளில் வேகமாகச் செய்தி அனுப்பும் கேன் என்ற முறை அதில் இருக்கக்கூடும். அமெரிக்காவில் 2008 மாடல் முதல் இதுவே கட்டாயம். அவ்விரண்டும் வெறுமையாக, 7 ஆம் பின்னில் மட்டும், அல்லது 7, 15 இரண்டிலும் உலோகம் தெரிந்தால், அது கே-லைன் என்னும் ஒற்றைக் கம்பி வழியே மெதுவாகப் பேசும் வண்டி. ஐஎஸ்ஓ 9141-2, கேடபிள்யூபி 2000 என்ற இரு மொழிகளும் இக்கம்பியில் ஓடுபவை. 2 ஆம் பின், அல்லது 2, 10 இரண்டும் இருப்பது பழைய ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அமெரிக்க வண்டிகளின் அடையாளம். இவை எவையுமே இல்லாத சாக்கெட்டில் பொது ஸ்கேனர் ஒருநாளும் இணையாது. அங்கே தேடலை நிறுத்திவிடலாம்.

முதல் இணைப்பு: மின்சாரம்

1. ஸ்கேனரைச் சாக்கெட்டின் அடிவரை அழுத்திச் செருக வேண்டும். பழைய கார்களில் சாக்கெட்டைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்து, ஸ்கேனரைத் தள்ளும்போது சாக்கெட்டும் பின்னோக்கிப் போவதுண்டு. அப்போது ஒரு கையால் சாக்கெட்டின் பின்புறத்தைத் தாங்கிக்கொண்டு செருக வேண்டும்.

2. ஸ்கேனரில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சில வகைகளில் தனி ஸ்விட்ச் இருப்பதால் அதை அழுத்திய பிறகே எரியும்.

3. விளக்கு எரியாவிட்டால் ஃப்யூஸைச் சோதிக்க வேண்டும். பல கார்களில் 16 ஆம் பின்னுக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃப்யூஸ் என்பதால், லைட்டரில் கைபேசி சார்ஜர் வேலை செய்யாவிட்டால் காரணம் அநேகமாக அந்த ஃப்யூஸ்தான். அதே ஆம்பியர் அளவுள்ள ஃப்யூஸை மட்டுமே மாற்ற வேண்டும்; புதியதும் உடனே எரிந்துபோனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள், அப்போது பெரிய ஃப்யூஸ் போடுவது வயரிங்கையே எரிக்கும். லைட்டர் சாக்கெட்டுக்குள் விழுந்துகிடக்கும் ஒரு நாணயமே இத்தகைய ஷார்ட்டுக்குக் காரணமாக இருப்பதுண்டு.

4. ஃப்யூஸ் நன்றாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால், மல்டிமீட்டரை டிசி வோல்ட் நிலையில் வைத்து, கறுப்பு முனையை 4 ஆம் பின்னிலும் சிவப்பு முனையை 16 ஆம் பின்னிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடாத நிலையில் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.4 முதல் 12.7 வோல்ட் காட்டும். அடுத்து, கறுப்பு முனையை 5 ஆம் பின்னுக்கு மாற்றி அதையும் பார்க்க வேண்டும். எர்த் இரண்டில் ஒன்று அறுந்திருந்தாலும் ஸ்கேனர் தடுமாறும்.

இந்த அளவீட்டில் கை நடுங்கக் கூடாது. 16 ஆம் பின்னுக்குப் பக்கத்திலேயே 15 ஆம் பின் இருக்கிறது. சிவப்பு முனை சறுக்கி இரண்டையும் ஒருங்கே தொட்டால், பேட்டரி மின்சாரம் செய்திக் கம்பிக்குள் புகுந்து ஈசியூவையே பாதிக்கக்கூடும். தடித்த முனையைப் பின்னுக்குள் திணிப்பதும் தவறு. விரிந்துபோன பின் அதன்பிறகு எந்த ஸ்கேனரையும் சரியாகப் பற்றாது. மெல்லிய முனை கைவசம் இல்லாதவர் இந்தப் படியை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

இரண்டாம் இணைப்பு: கைபேசி

இந்த இணைப்புக்குக் கார் தேவையில்லை, மின்சாரம் மட்டும் போதும் என்பதால், வேறொரு காரில் செருகியும் இதைச் சோதித்துவிடலாம். தவறுகள் பெரும்பாலும் ஸ்கேனரின் வகையை அறியாததால் நேர்கின்றன.

ப்ளூடூத் ஸ்கேனர்களில் பழைய ‘கிளாசிக்’ வகையும், ‘லோ எனர்ஜி’ எனப்படும் குறைமின் வகையும் உள்ளன. கிளாசிக் வகையை ஆண்ட்ராய்டு கைபேசியின் ப்ளூடூத் அமைப்பில் முதலில் சேர்க்க வேண்டும். கேட்கப்படும் எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. குறைமின் வகையை அங்கே சேர்க்காமல், செயலிக்குள்ளிருந்தே தேர்வு செய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் சேர்க்க முயல்வதே பலமுறை தடையாகிறது. ஐபோன் சாதாரண கிளாசிக் ஸ்கேனர்களை ஏற்பதில்லை. அதற்குக் குறைமின் வகையோ வைஃபை வகையோ வேண்டும்.

1. செயலிக்குரிய அனுமதிகளைத் தர வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதியும், அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பிட அனுமதியும் இல்லாவிட்டால் ஸ்கேனர் பட்டியலில் தோன்றாமலே போகலாம். ஐபோனில் வைஃபை ஸ்கேனருக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி வேண்டும்.

2. வைஃபை ஸ்கேனரானால் அதன் நெட்வொர்க்கில் கைபேசியைச் சேர்த்த பிறகு மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும். ஸ்கேனரின் வைஃபையில் இன்டர்நெட் இல்லாததால், கைபேசி அதைப் பயனற்றதாகக் கருதித் தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். செயலியில் முகவரி கேட்கப்பட்டால், பெரும்பாலான ஸ்கேனர்களுக்கு 192.168.0.10 என்ற முகவரியும் 35000 என்ற போர்ட் எண்ணும் பொருந்தும்.

3. வேறு செயலியோ, முன்பு சேர்க்கப்பட்ட இன்னொரு கைபேசியோ ஸ்கேனரைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வகைக் கருவிகள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே பேசும்.

4. செயலியின் அமைப்பில் ப்ளூடூத், குறைமின் ப்ளூடூத், வைஃபை என்ற மூன்றில் உரியது தேர்வாகியிருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு செய்யவேண்டிய ஒரு சோதனைதான் இந்தப் பகுதியில் மிகவும் பயன்படக்கூடியது. செயலி காட்டும் பேட்டரி வோல்டேஜைப் பார்க்க வேண்டும். ஸ்கேனரின் வழியே வரும் அந்த அளவை ஸ்கேனரே தன் 16 ஆம் பின்னில் அளந்து சொல்கிறது. ஈசியூவுக்கு அதில் பங்கில்லை. ஆகவே வோல்டேஜ் திரையில் தெரிந்து, மற்ற விவரங்கள் வராவிட்டால், மின்சாரமும் ப்ளூடூத்தும் நலமாக இருக்கின்றன என்பது உறுதி. அதற்குமேல் கைபேசியில் எதையும் அழிக்கவோ மாற்றவோ வேண்டியதில்லை. கோளாறு ஸ்கேனருக்கும் காருக்கும் இடையே இருக்கிறது.

மூன்றாம் இணைப்பு: ஸ்கேனரும் ஈசியூவும்

முதலில் சாவி இருக்கும் நிலையைக் கவனிக்க வேண்டும். ஏசிசி நிலையில் பாட்டுப் பெட்டி பாடும், ஈசியூ விழித்திருக்காது; டாஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரியும் ஆன் நிலைக்குச் சாவியைத் திருப்ப வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் இருமுறை அழுத்தினால் பொதுவாக அந்த நிலை வரும். அப்போதும் இணையாவிட்டால், திறந்த வெளியில் என்ஜினை ஓடவிட்டு மறுபடி முயலலாம்.

அடுத்துத் தேவைப்படுவது பொறுமை. பெரும்பாலான ஸ்கேனர்களுக்குள் இருப்பது, இஎல்எம்327 என்னும் கனடா நிறுவனச் சிப், அல்லது அதன் நகல். ‘ஆட்டோ’ என்ற அமைப்பில் அது தனக்குத் தெரிந்த மொழிகளை ஒவ்வொன்றாகக் காரிடம் பேசிப் பார்க்கிறது. கே-லைன் வண்டிகள் பலவற்றில் ஈசியூவை எழுப்பும் அழைப்பு வினாடிக்கு ஐந்து துடிப்பு என்ற மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பப்படுவதால், அந்த ஒரு அழைப்புக்கே இரண்டு வினாடி ஆகிறது. கேன் வண்டிக்குப் பழகிய செயலியோ அவசரப்படும் பயனரோ அதற்குள் முயற்சியைத் துண்டித்துவிட்டால், விடை வரும் தறுவாயில் கேள்வி நின்றுபோகும். மொழியைக் கையால் தேர்ந்து கொடுப்பதே இதற்கு மருந்து.

1. செயலியின் அமைப்பில் ‘ப்ரோட்டோகால்’ என்ற பகுதியைத் திறக்க வேண்டும். ப்ரோட்டோகால் என்பது மேலே மொழி என்று குறிக்கப்பட்ட உரையாடல் விதி.

2. கே-லைன் வண்டிக்கு ஐஎஸ்ஓ 9141-2, கேடபிள்யூபி மெதுத் தொடக்கம், கேடபிள்யூபி வேகத் தொடக்கம் என்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முயல வேண்டும். செயலியில் எண்கள் மட்டும் இருந்தால், இவை முறையே 3, 4, 5.

3. ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் சாவியை அணைத்து, ஸ்கேனரைக் கழற்றி, அரை நிமிடம் கழித்துச் செருக வேண்டும். பாதியில் நின்ற உரையாடலை நினைவில் வைத்திருக்கும் ஈசியூ புதிய அழைப்பைச் செவிமடுக்காமல் போகக்கூடும்.

4. இணைந்துவிட்டால் அந்த ப்ரோட்டோகாலை அப்படியே நிலைப்படுத்தி வைக்க வேண்டும். கே-லைனில் சுமார் ஐந்து வினாடி பேச்சு நின்றாலே தொடர்பு அறுந்துவிடும் என்பதால், திரை அணைவதையும் வேறு செயலிக்குத் தாவுவதையும் தவிர்க்க வேண்டும்.

செயலி காட்டும் ஆங்கிலச் செய்திகளும் துப்பு தருபவை. ‘பஸ் இனிட் எரர்’ என்று வந்தால், ஸ்கேனர் கே-லைனில் அழைத்தும் ஈசியூ விடைதரவில்லை என்று பொருள். ‘அனேபிள் டு கனெக்ட்’ என்பது தெரிந்த எல்லா மொழிகளையும் முயன்று தோற்றதைச் சொல்கிறது. ‘நோ டேட்டா’ வந்தால் உடனே மனம் தளர வேண்டியதில்லை. கேட்ட அந்த ஒரு விவரத்துக்கு உரிய நேரத்தில் விடை வரவில்லை என்பதே அதன் பொருள். அந்த விவரத்தை அந்தக் கார் தராததாக இருக்கலாம். என்ஜின் வேகம், கூலன்ட் வெப்பம் போன்ற அடிப்படை விவரங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று மொழிகளிலும் விடை வராவிட்டால், ஐயம் ஸ்கேனரின்மேல் திரும்ப வேண்டும். மலிவான நகல் ஸ்கேனர்கள் பலவற்றில் கேனுக்கான பகுதி மட்டுமே ஒழுங்காக இருக்கும். கே-லைனுக்கான மின்சுற்று குறைபட்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பதிப்பு எண்ணையும் நம்ப இயலாது: மூல நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை, ஆனால் அந்த எண்ணைத் தாங்கிய நகல்கள் ஏராளம். அதே ஸ்கேனரை அண்மைக்காலக் கார் ஒன்றில் செருகிப் பார்த்தால், அங்கே உடனே இணைந்து இங்கே மட்டும் மறுப்பது, கே-லைன் குறைபாட்டை ஏறக்குறைய உறுதிசெய்யும். பழைய கார் வைத்திருப்பவர் ஸ்கேனர் வாங்கும்போது, ‘எல்லாக் கார்களுக்கும்’ என்ற பெட்டி வாசகத்தை ஒதுக்கிவிட்டு, ஐஎஸ்ஓ 9141-2, கேடபிள்யூபி 2000 இரண்டிலும் வேலை செய்கிறது என்று அதே வகைக் காரை வைத்திருக்கும் ஒருவர் உறுதிசெய்த கருவியைத் தேடுவது நலம்.

ஸ்கேனரும் நல்லதென்றால், வண்டியில் பிற்பாடு பொருத்தப்பட்டவற்றைக் கவனிக்க வேண்டும். வோக்ஸ்வேகன் குழுமத்தின் பழைய கார்கள் சிலவற்றில் கே-லைன் ஸ்டீரியோவின் இணைப்பு வரை செல்கிறது. உரிமையாளர் வேறு ஸ்டீரியோ மாட்டும்போது அந்தக் கம்பி வேறு பயனுள்ள பின்னில் சேர்ந்து, செய்திக் கம்பி முழுவதையும் அமுக்கிவிடுகிறது. கார் நன்றாக ஓடும், பாட்டும் கேட்கும், ஸ்கேனர் மட்டும் இணையாது. ஸ்டீரியோவின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்கேனரை முயல்வதே எளிய சோதனை. சாக்கெட்டின் பின்கம்பிகளில் இணைப்பெடுத்த ஜிபிஎஸ் கருவி, திருட்டுத் தடுப்பு அலாரம் போன்றவற்றையும் இவ்வாறே ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கலாம். பச்சை படிந்த பின்களுக்குக் காண்டாக்ட் கிளீனரை, சாவியை எடுத்துப் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே தெளிக்க வேண்டும். கழற்றுமுன் ஸ்டீரியோவுக்குப் பாதுகாப்பு எண் உண்டா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தை வண்டிகளுக்குச் சில செயலிகள் தனித் தொடக்கக் கட்டளைகளை ஏற்கின்றன. செயலியின் வண்டிப் பட்டியலில் அந்த மாடல் இருந்தால் அதைத் தேர்வதே போதும். எங்கோ கண்ட கட்டளை வரிசையைப் பொருள் தெரியாமல் தட்டச்சு செய்வது வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்

வோல்டேஜ் தெரிந்து, மூன்று மொழிகளும் முயன்று, கே-லைனில் நம்பகமான ஸ்கேனரும் தோற்று, ஸ்டீரியோவையும் விலக்கிப் பார்த்தாயிற்று என்றால், அந்தக் கார் தன் நிறுவனத்தின் சொந்த மொழியை மட்டும் பேசுவதாகவோ, அதன் வயரிங் பழுதுற்றதாகவோ கொள்ளலாம். அந்த நிறுவனத்துக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் பணிமனைதான் அதற்கு இடம். இரண்டு பின்களைக் கம்பியால் இணைத்து விளக்கு மின்னுவதை எண்ணும் பழைய முறை சில வண்டிகளில் உண்டெனினும், எந்தப் பின்கள் என்பது அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் அச்சாகியிருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம்.

இணைப்பு கிடைத்துவிட்டால், குறியீடுகளை அழிக்கும் பொத்தானை உடனே தொடக் கூடாது. கோளாறு நேர்ந்த கணத்தில் ஈசியூ பதிந்துவைத்த என்ஜின் வேகம், வெப்பம் முதலிய விவரங்களும் குறியீடுகளோடு சேர்ந்து அழிந்துபோகும். மெக்கானிக்குக்கு அவையே முதன்மையான தடயம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சாவியை அணைத்து, ஸ்கேனரைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். சில நாள் ஓடாமல் நிற்கும் வண்டியில் அதை விட்டுவைத்தால், பழைய பேட்டரி இறங்கிவிடும்.